பிள்ளைகளின் பசியைக் கெடுக்காத மெஸ்: மேட்டுப்பாளையம் சாலை ‘வீட்டுச் சாப்பாடு’

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போக கோயம்புத்தூரில் எந்த இடம் நல்லது என்று யாராவது கேட்டால், மேட்டுப்பாளையம் சாலையில் சாயிபாபா காலனியைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸைத்தான் சொல்வேன். கடைக்கென்று தனிப் பெயர் கிடையாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு மட்டும். ஏசி இல்லை, மெனு கார்டு இல்லை, சூப் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. அந்தக் கடைசி இரண்டும் இல்லாததுதான் என் கணக்கில் இந்தக் கடையின் முதல் சிறப்பு.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். வீட்டில் ஏழு வயதில் மகள், நாலு வயதில் மகன். “சாப்பிடவே மாட்டேங்கிறான்” என்று புலம்பாத தாய் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். சோற்றுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் உள்ளே போயிருக்கும். அதற்கு மேல் அந்த வயிற்றில் இடம் எங்கே இருக்கிறது?

ஓட்டலுக்குப் போனால் இதே கதை இன்னும் பெரிதாக நடக்கும். நாங்கள் முன்பு வழக்கமாகப் போன ஒரு பெரிய ஃபேமிலி ரெஸ்டாரண்டில் உட்கார்ந்த உடனே ஒரு கிண்ணம் நிறைய கலர் குழாய் அப்பளம் வைப்பார்கள். பிள்ளைகள் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிக்கும். அப்புறம் ஸ்வீட் கார்ன் சூப். அது முடிவதற்குள் கோபி மஞ்சூரியன். நடுவில் ரோஸ் மில்க். பெரியவர்கள் எங்களுக்குள் என்ன சாப்பிடலாம் என்று பேசி, ஆர்டர் கொடுத்து, சாப்பாடு டேபிளுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் மகன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து “போதும்மா” என்பான். அவனுக்கென்று வாங்கிய சப்பாத்தியும் குருமாவும் பார்சலாகி வீட்டுக்கு வரும். பணம் போனது ஒரு பக்கம். பருப்பும் காயும் தயிரும் போக வேண்டிய இடத்தை மாவும் எண்ணெயும் சர்க்கரையும் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு மனசு ஆறாது.

நாலு வயதுப் பிள்ளையின் இரைப்பை சின்னது. எண்ணெயில் பொரித்தது உள்ளே போனால் அது சீக்கிரம் கீழே இறங்காது. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, மேலே இருப்பது மெதுவாக வரட்டும் என்று இரைப்பைக்குச் சொல்லிவிடும். போதும் என்ற சேதி மூளைக்கும் போய்விடும். ஆக, “போதும்மா” என்று சொல்லும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறது. அதை அதட்டிச் சாப்பிட வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம்.

உள்ளே ஏழு மேசை. உட்கார்ந்து தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பதற்குள் பரிமாற ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சின்ன நுனி இலை தனியாக வரும். இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பெரிய இலையில் கையெட்டாமல் தடுமாறுவது இல்லை, எல்லாம் பக்கத்தில் இருக்கும். இலையில் முதலில் விழுவது காய். கேரட் துருவலும் ஊறவைத்த பாசிப்பருப்பும் எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்த கோசுமல்லி, ஒரு பொரியல், ஒரு கூட்டு. நான் கடைசியாகப் போனபோது அவரைக்காய்ப் பொரியலும் பீர்க்கங்காய்க் கூட்டும். சாதம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கண்முன்னால் இருப்பது காய் மட்டும். மகள் கோசுமல்லியை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள். வீட்டில் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிற அதே கேரட்.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 2010-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கேரட்டை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் 30 கிராம், இன்னொரு நாள் 60, மற்றொரு நாள் 90. முப்பதை அறுபதாக்கியபோது பிள்ளைகள் சாப்பிட்ட கேரட் ஏறக்குறைய பாதி அளவு கூடியது. அந்த வேளையில் உள்ளே போன மொத்தக் காயும் கூடியது. தொண்ணூறு ஆக்கியபோது அதற்கு மேல் கூடவில்லை. பசி உச்சத்தில் இருக்கும்போது, போட்டிக்கு வேறு தின்பண்டம் இல்லாதபோது, எதிரே எது இருக்கிறதோ அது போகும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கிற எல்லாமே கெடுதல் என்று சொல்ல முடியாது, என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சூப்பும் அப்படித்தான். அதே ஆய்வுக் குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக்கு முன்னால் தக்காளி சூப் கொடுத்தபோது அடுத்து வந்த உணவைப் பிள்ளைகள் குறைத்துச் சாப்பிட்டார்கள், ஆனால் சூப்பின் அளவு கூடக்கூடக் காய் கூடுதலாக உள்ளே போனது. காய் நிறைந்த சூப்பாக இருந்தால் அது நியாயமான பேரம். சோளமாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய சூப்பில் அந்த லாபமும் இல்லை.

இந்த மெஸ்ஸை நடத்தும் அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஏன் காயை முதலில் வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “சோறு கண்ணுல பட்டா புள்ளைங்க காயத் தொடாதுங் கண்ணு” என்றார். இன்னொன்றையும் கவனித்தேன். கேரட்டை வட்டமாகவோ குச்சியாகவோ நறுக்காமல் துருவித்தான் போடுகிறார். நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முழு வேர்க்கடலையும் அப்படியே. வீட்டில் செய்பவர்களும் துருவியே கொடுங்கள்.

அடுத்து வருவது அரிசிம்பருப்பு சாதம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, தேங்காயோடு ஒன்றாக வெந்தது. குழையாமல், ஆனால் பருக்கை விரலில் நசுங்கும் பதத்தில் இருக்கிறது. மேலே ஒரு கரண்டி நெய். காரம் அடக்கம். பல் முளைத்த எந்தக் குழந்தைக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு இதோடு கத்தரிக்காய்க் குழம்பு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், தயிர் எல்லாம் உண்டு. கொள்ளுப் பருப்பு அபாரம். ரசம் சில நாள் உப்பு தூக்கலாக இருக்கிறது.

பரிமாறும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை இலையில் அந்த அம்மா சின்னக் கரண்டியில் ஒன்றே ஒன்று வைப்பார். “சாமி, தீர்ந்ததும் கூப்புடு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்ப வரும்போது இலையைப் பார்த்து, “இன்னொரு கரண்டி வெக்கட்டா, போதுமா?” என்று பிள்ளையிடம்தான் கேட்பார், என்னிடம் கேட்க மாட்டார். போன முறை பக்கத்து மேசையில் ஒருவர் தன் பையனின் வாயருகே உருண்டையை வைத்து, “இதை முழுங்கினாத்தான் செல்போன்” என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பையன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தான். அந்த அம்மா மோர் ஊற்ற வந்தவர் சொன்னார்: “விடுங்க தம்பி, எலையில இருக்குதில்ல, அவனே எடுத்துக்குவான்.” அப்பா கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பையன் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுப் பிசைய ஆரம்பித்தான். எவ்வளவு சாப்பிட்டான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் அந்த மேசையில் சத்தம் அடங்கியது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல ஆண்டுகளாக எழுதிவருவது இதைத்தான்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்டால் பயமாகத்தான் இருக்கும், பிள்ளை பட்டினி கிடந்துவிடுமோ என்று. அந்தப் பயத்துக்கு மருந்தாக நான் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி சொல்கிற ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீயன் பிர்ச்சும் அவருடைய குழுவும் 1991-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. இரண்டு முதல் ஐந்து வயது வரை 15 பிள்ளைகள். ஒவ்வொரு வேளையும் அவர்கள் சாப்பிட்டதை அளந்து பார்த்தார்கள். வேளைக்கு வேளை கலோரி ஏறி இறங்கிய அளவு சராசரியாக 34 சதவீதம் போல. நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அந்த ஏற்ற இறக்கம் 10 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு வேளை நிறையச் சாப்பிட்டால் அடுத்த வேளை தானாகக் குறைத்துக்கொள்கிறது பிள்ளை.

இதில் நமக்கு நிம்மதியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. பிள்ளையின் உடம்பு கணக்குப் பார்க்கிறது. அதனால் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தவிக்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில் சிப்ஸ் பாக்கெட்டும் சேரும். ஆறரை மணிக்கு சிப்ஸ் கொடுத்தால், ஏழரை மணிச் சாப்பாட்டில் பிள்ளை அதைக் கழித்துக்கொள்ளும். கலோரி சமமாகிவிடும். கீரையில் இருக்கும் இரும்புச் சத்துக்கும் பருப்பில் இருக்கும் புரதத்துக்கும் சிப்ஸ் ஈடாகுமா?

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இதில் என்னோடு கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. “பசிக்குதுங்கற புள்ளைக்கு நேரங்காலம் பாத்தா சோறு போடுவாங்க?” என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் மாதிரி மூன்று வேளையோடு நிற்க முடியாது. ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை மூன்று நான்கு வேளைச் சாப்பாட்டோடு, தேவைக்கேற்ப ஒன்றிரண்டு முறை சிறுதீனியும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. என் சண்டை தின்பண்டத்தோடு இல்லை, அதன் நேரத்தோடும் தினுசோடும்தான். பள்ளி வேன் நாலேகாலுக்கு வரும். நாலரைக்குப் பச்சைப்பயறு சுண்டல், இல்லை வாழைப்பழம், இல்லை எள்ளுருண்டை. உட்கார்ந்து வயிறார. ஐந்தரைக்கு மேல் தண்ணீர் மட்டும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. பாலைச் சாயங்காலத்திலிருந்து எடுத்துக் காலை டிபனோடு சேர்த்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் பால் கொடுத்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அத்தையே ஐந்தரைக்குப் பிஸ்கட் டப்பாவை மேல் ஷெல்ஃபில் ஏற்றிவிடுகிறார். “பாரு, இன்னிக்கு ரெண்டு தோசை தின்னுட்டான்” என்று ராத்திரி என்னிடம் சொல்வதும் அவர்தான்.

மெஸ்ஸுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையிலும் இதே கணக்கு. காலை டிபன் எட்டு மணிக்கு. பத்தேகாலுக்கு ஆளுக்கு ஒரு பூவன்பழம். வழியில் எதுவும் வாங்குவதில்லை. பன்னிரண்டரைக்கு இலையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பதமான பசி இருக்கும். பசி அளவுக்கு மீறிப் போனாலும் கஷ்டம்தான். அழுது களைத்த பிள்ளை எதையும் வாயில் வைக்காது. அதனால்தான் அந்தப் பத்தேகால் பழத்தை நான் விடுவதில்லை.

இனிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே இனிப்பை இலை ஓரத்தில் சாப்பாட்டோடு சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். வெல்லம் போட்ட ரவைக் கேசரி, ஒரு டீஸ்பூன் அளவு. மகன் அதைத்தான் முதலில் தொடுவான். நான் தடுப்பதில்லை. ‘சாதத்தை முடித்தால்தான் கேசரி’ என்றால், கேசரி பரிசாகவும் சாதம் தண்டனையாகவும் மாறிவிடும். இனிப்பை அளவாக, சாப்பாட்டோடு ஒன்றாக வைத்துவிடுங்கள் என்றுதான் சாட்டரும் சொல்கிறார். நம் விருந்து இலையில் இனிப்புக்கு எப்போதும் அப்படித்தான் இடம். ஒரு டீஸ்பூன் கேசரியால் பசி அடங்கிவிடாது. மகன் அதை நக்கிவிட்டு அடுத்து அரிசிம்பருப்புக்குப் போய்விடுகிறான். அளவுதான் இதில் முக்கியம். சில இடங்களில் ஒரு கிண்ணம் பாயசமும் ஒரு ஜாங்கிரியும் முதலிலேயே வைக்கிறார்கள், அதற்குமேல் குழந்தைக்குச் சோறு எப்படி இறங்கும்?

குடிக்க சீரகத் தண்ணீர், எவர்சில்வர் டம்ளரில். பாட்டில் கூல்டிரிங்ஸ் விற்பதில்லை. வாசலில் அந்த ஃப்ரிட்ஜ் இல்லாததால் பிள்ளைகள் கேட்பதும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, பணம் கட்டும் மேசைக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ், சோளப்பொரி பாக்கெட்டுகள். உள்ளே நுழையும் வழியும் அதுதான். சரியாகப் பிள்ளைகளின் கண் உயரத்தில் தொங்குகின்றன. கண்ணெதிரே வைத்துக்கொண்டு ‘கூடாது’ என்று தடுத்தால் ஆசை குறையாது, கூடும்; பிர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு பிள்ளைகளிடம் கண்டது அதைத்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளில், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இருக்கிறது. மெஸ்ஸுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் அதன் நியாயம் பொருந்தும். காயை முதலில் வைக்கத் தெரிந்த கடையில் இந்தச் சரம் எதற்கு? அந்த அம்மாவிடம் சொன்னேன். சப்ளை பண்ணும் பையன் மாட்டிவிட்டுப் போவதாகவும் உள்பக்கம் மாற்றுவதாகவும் சொன்னார். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு மணிக்கு மேல் போனால் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். சந்து முனையில் பஞ்சுமிட்டாய்க்காரர் சரியாக அந்த நேரத்துக்கு மணியடித்துக்கொண்டு வருவார். அரை மணி நேரம் அந்த மணியோசையைக் கேட்டுக்கொண்டு ஒரு நாலு வயதுப் பிள்ளை சும்மா உட்காராது. பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை போங்கள். கை கழுவும் குழாய் பிள்ளைகளுக்கு எட்டாது, தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு சின்னப் பலகை போட்டால் தீரும் விஷயம். குழந்தை நாற்காலியும் இல்லை. ஒன்றரை வயதுக்குக் கீழே என்றால் மடியில்தான்.

பெரியவர்களுக்கு 120 ரூபாய், பிள்ளை இலைக்கு 60. அம்மா அப்பா இலையில் பகிர்ந்துகொள்ளும் குழந்தைக்குப் பணம் வாங்குவதில்லை. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. டூவீலர் சந்துக்குள்ளேயே நிறுத்தலாம், காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மீதி ஒன்று அந்த சிப்ஸ் சரம் இறங்கும் நாளில்.